வாசகர் கேள்வி – பதில்: செருக்கு யாருடையது, முன்முடிவு யாருடையது?

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (செருக்கும் முன்முடிவும்) நாவலின் பாத்திரங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஐந்து பெண்களைப் பெற்ற பென்னட் குடும்பம் வாழ்கிறது. ஆண் வாரிசு இல்லாததால், தந்தையின் காலத்துக்குப் பிறகு அவர்களுடைய சொத்து காலின்ஸ் என்ற தூரத்து உறவினருக்குப் போய்விடும். அருகிலுள்ள நெதர்ஃபீல்ட் மாளிகைக்குப் பிங்லி என்ற செல்வந்த இளைஞன் குடிவருகிறான். அவனுடன் அவனைவிடப் பெரிய செல்வந்தனான டார்சியும் வருகிறான். பிங்லிக்கும் மூத்த மகள் ஜேனுக்கும் பிரியம் உண்டாகிறது. இரண்டாம் மகள் எலிசபெத்துக்கும் டார்சிக்குமோ பார்த்த முதல் நாளே மனக்கசப்பு உண்டாகிறது. அந்தக் கசப்பு எப்படி வளர்ந்து எப்படித் தீர்கிறது என்பதே கதையின் முதுகெலும்பு.

கேள்வி: டார்சி செருக்கின் உருவம், எலிசபெத் முன்முடிவின் உருவம் என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். அப்படிப் பிரித்துக்கொள்வது சரிதானா?

பதில்: தேர்வுக்கு எழுத வசதியான பிரிவினை அது. ஆனால் நாவலைப் பக்கம் பக்கமாகப் படித்தால் அது நிற்காது. இருவரிடமும் இரண்டும் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, ஒன்றிலிருந்துதான் மற்றொன்று பிறக்கிறது.

மெரிட்டன் நகரத்து நடன விருந்தை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் குறைவாக இருப்பதால் எலிசபெத் இரண்டு நடனங்களுக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க நேர்கிறது. அவளோடு ஆடும்படி பிங்லி டார்சியை வற்புறுத்துகிறான். டார்சி திரும்பி அவளைப் பார்க்கிறான், அவளும் அவனைப் பார்த்துவிட, பார்வையை விலக்கிக்கொண்டு, “பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் என்னை ஈர்க்கும் அளவுக்கு அழகில்லை” என்கிறான். அது அவள் காதில் விழுகிறது. அவள் அழவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கித் தோழிகளிடம் உற்சாகமாகச் சொல்லிச் சிரிக்கிறாள். எத்தனை இயல்பாக எடுத்துக்கொண்டாள் என்று நாம் அவளை மெச்சுகிறோம். ஆனால் மறுநாள் காலையிலேயே, அவ்வளவு உயர்ந்த குடும்பத்தில் பிறந்தவன் செருக்கோடு இருப்பதில் நியாயம் இருக்கிறது என்று தோழி ஷார்லட் லூகாஸ் சொல்லும்போது, எலிசபெத்தின் வாயிலிருந்து உண்மை வந்துவிடுகிறது: “அவன் என் செருக்கைக் காயப்படுத்தாமல் இருந்திருந்தால், அவனுடைய செருக்கை நான் எளிதாக மன்னித்திருப்பேன்.”

இது ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. நாவலில் மொத்தம் 61 அத்தியாயங்கள். அடுத்து வரப்போகும் அத்தனை தவறுகளுக்கும் உரிய காரணத்தைக் கதாநாயகியே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறாள். சிரித்துக்கொண்டே சொல்வதால் நாமும் கேட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். அவளுடைய முன்முடிவுக்கு வேர் அறியாமை அன்று, அடிபட்ட தன்மதிப்பு.

டார்சியின் பக்கத்திலும் இதுவே நடக்கிறது. ஜேனின் முகம் எப்போதும் அமைதியாக இருப்பதைக் கண்டு, அவளுடைய மனம் பிங்லியின்பால் ஈடுபடவில்லை என்று அவனாகவே தீர்மானித்துக்கொண்டு, நண்பனை அங்கிருந்து பிரித்து லண்டனிலேயே இருத்திவிடுகிறான். ஒரு பெண்ணின் மனத்தைப் புறத்தோற்றத்தைக் கொண்டு அளந்து, அந்த அளவு சரிதானா என்று ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமல், இரண்டு பேருடைய வாழ்க்கையை மாற்றியமைக்கிறான். முன்முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எலிசபெத்தின் செயல்களில்கூட இல்லை.

கேள்வி: ‘பிரைட்’ என்பதைத் தமிழில் செருக்கு என்பதா, பெருமிதம் என்பதா? இரண்டும் வேறுவேறு குணங்கள் அல்லவா?

பதில்: மிகச் சரியான கேள்வி. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலைகளையும் செய்கிறது. தமிழில் அப்படி முடியாது. நம் இலக்கண மரபு பெருமிதத்தை, உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்று வகுத்திருக்கிறது. அது ஈட்டிய ஒன்றின் மேல் நிற்பது, குற்றமாகக் கருதப்படாதது. செருக்கோ மற்றவரைத் தாழ்த்திப் பார்க்கும்போதுதான் தன்னை உணர்கிறது.

டார்சியின் பிழையே இந்த இரண்டுக்கும் இடையிலான கோடு தன்னிடம் தெளிவாக இருப்பதாக நம்புவதுதான். நெதர்ஃபீல்டில் ஒரு மாலைப் பேச்சில், வீண்பெருமை ஒரு குறைதான் என்றும், உண்மையான மன உயர்வு உள்ள இடத்தில் பெருமிதம் எப்போதும் கட்டுக்குள் இருக்கும் என்றும் அவன் சொல்கிறான். எலிசபெத் புன்னகையை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தன்னிடம் இருப்பது பெருமிதம் என்று அவன் நினைக்கிறான். சுற்றியிருப்பவர்கள் காண்பது செருக்கு. இரண்டுமே அவனிடம் இருந்தன என்பது என் கருத்து. தன் பண்ணையாள்களிடமும் தங்கையிடமும் நடந்துகொள்ளும்போது வெளிப்படுவது பெருமிதம். அறிமுகமில்லாத ஊரின் நடனக் கூடத்தில் வெளிப்பட்டது செருக்கு. ஆகவே மொழிபெயர்ப்பவர் இடம் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைப்புக்கு மட்டும் ‘செருக்கு’ என்பதையே நான் வைப்பேன்.

பென்னட் குடும்பத்தின் மூன்றாவது மகள் மேரியும் இதைப் பற்றி ஒரு விளக்கம் சொல்கிறாள்: நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் எண்ணத்தைச் சார்ந்தது பெருமை, பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்ற ஆசையைச் சார்ந்தது வீண்பெருமை. புத்தகத்திலிருந்து ஒப்பிக்கும் பெண் என்று அவளை எல்லோரும் ஒதுக்குகிறார்கள். ஆனால் அந்த வாக்கியம் கனமானது. அவளுடைய அக்காள் எலிசபெத் அதைக் கவனித்துக் கேட்டிருந்தால், பின்னால் தன்னையே கடிந்துகொண்டு பட்ட வேதனையில் பாதி மிச்சமாகியிருக்கும்.

கேள்வி: எலிசபெத் மனிதர்களை எடைபோடுவதில் கெட்டிக்காரி. அப்படிப்பட்டவள் விக்கமை எப்படி அவ்வளவு எளிதாக நம்பினாள்?

பதில்: கெட்டிக்காரி என்பதால்தான். மனிதர்களைச் சரியாகக் கணிக்கிறோம் என்ற எண்ணமே அவளுடைய செருக்கு. அழகி என்றோ செல்வச் சீமாட்டி என்றோ அவள் ஒருநாளும் தன்னை நினைத்துக்கொண்டதில்லை. ஆனால் தன் பார்வையின் கூர்மையில் அவளுக்கு அளவற்ற நம்பிக்கை உண்டு. காலின்ஸைப் பற்றியும் அவள் கணிப்பு உடனே சரியாக இருந்தது, பிங்லியின் சகோதரிகளைப் பற்றியும் அப்படித்தான். தொடர்ந்து சரியாகச் சொல்லி வருகிறவருக்குத் தன் கணிப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதே இல்லை.

படைப்பிரிவில் சேர வந்த விக்கம், அவளோடு நன்றாகப் பழகும் முன்பே, ஒரு விருந்து மாலையில் தன் சொந்தக் கதையைச் சொல்கிறான்: டார்சியின் தந்தை தனக்கென்று ஒதுக்கிவைத்த தேவாலயப் பதவியை டார்சி பொறாமையால் மறுத்துவிட்டானாம். எலிசபெத் இதை ஜேனிடம் சொல்லும்போது நடக்கும் உரையாடல் நாவலின் மிகக் கூர்மையான இடங்களில் ஒன்று. எதை நம்புவதென்றே தெரியவில்லை என்று ஜேன் தவிக்கிறாள். “மன்னிக்க வேண்டும், எதை நம்ப வேண்டும் என்பது மிகத் தெளிவாகத் தெரிகிறது” என்று எலிசபெத் பதில் சொல்கிறாள். ஆதாரம் என்ன? விக்கமின் முகத்தில் உண்மை தெரிந்ததாம். ஒருவன் தன்னை அழகில்லை என்றான். மற்றவன் தன்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. சாட்சியம் மட்டும்தான் பிறகு வந்து சேர்ந்தது.

பிறகு, காலின்ஸ் வசிக்கும் ஹன்ஸ்ஃபோர்டில் டார்சி தன்னை மணந்துகொள்ளும்படி கேட்கிறான். அவளுடைய குடும்பத்தின் தாழ்வையும், அதனால் தனக்கு நேரும் இழுக்கையும் விரிவாகச் சொல்லிக்கொண்டே கேட்கிறான்! மறுக்கப்பட்ட மறுநாள் ஒரு நீண்ட கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்தக் கடிதத்தை அவள் படிக்கும் முப்பத்தாறாம் அத்தியாயத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவன் என்ன சொன்னாலும் ஏற்பதில்லை என்ற உறுதியோடுதான் தொடங்குகிறாள். அடுத்த வாக்கியம் என்ன சொல்கிறதோ என்ற பதைப்பில், கண் முன்னால் இருக்கும் வாக்கியத்தின் பொருளையே தவறவிடுகிறாள். விக்கமைப் பற்றிய பகுதி வந்ததும் பொய், இருக்கவே முடியாது என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறாள். இனி அதைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடியும் பிரிக்கிறாள். இந்த முறை தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு, வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, ஒவ்வொன்றின் பொருளையும் எடைபோட்டுப் படிக்கிறாள்.

அப்போதும் புதிய சாட்சி யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. தேவாலயப் பதவிக்கு ஈடாக விக்கம் 3,000 பவுண்டு வாங்கிக்கொண்டான் என்பதும், 30,000 பவுண்டு சொத்துக்குரிய, பதினைந்தே வயதான டார்சியின் தங்கையை ஏமாற்றி அழைத்துப்போக முயன்றான் என்பதும் கடிதத்தில் கிடைத்த செய்திகள். அவற்றை அவள் அந்த இடத்தில் சரிபார்க்க முடியாது. ஆனால் தன் நினைவில் இருப்பவற்றைச் சரிபார்க்க முடியும். சற்றும் பழகாத ஒருத்தியிடம் அவன் ஏன் இத்தனை அந்தரங்கத்தைக் கொட்டினான்? டார்சிக்கு அஞ்சி ஒதுங்கமாட்டேன் என்று வீரம் பேசியவன், அடுத்த வாரம் நெதர்ஃபீல்ட் நடனத்துக்கு ஏன் வரவில்லை? டார்சியின் தந்தைமேல் வைத்த மரியாதையால் மகனைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்றவன், டார்சி ஊரைவிட்டுப் போனதும் எல்லோரிடமும் எப்படிப் பேசினான்? இவையெல்லாம் அவள் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை. நடந்தபோது அவளுக்கு உறைக்காதவை.

வழியிலேயே இரண்டு மணி நேரம் அவள் நடந்துகொண்டிருக்கிறாள். இறுதியில், ஒருவன் விரும்பியதால் மகிழ்ந்தும் மற்றவன் புறக்கணித்ததால் புண்பட்டும், இருவர் விஷயத்திலும் அறிவைத் துரத்திவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறாள். “இந்த நொடிவரை நான் என்னை அறிந்திருக்கவில்லை” என்ற புகழ்பெற்ற வாக்கியம் அங்கேதான் வருகிறது. எத்தனையோ முறை படித்துவிட்டேன். அந்த வரியை எட்டும்போதெல்லாம் புத்தகத்தைச் சற்றுநேரம் கீழே வைக்காமல் என்னால் தொடர முடிந்ததில்லை.

கேள்வி: டார்சிக்குச் சொந்தமான பெம்பர்லி மாளிகையைப் பார்த்த பிறகுதானே எலிசபெத்தின் மனம் மாறுகிறது? அது டார்சியின் செல்வத்துக்குக் கிடைத்த வெற்றி ஆகாதா?

பதில்: டார்சியின் ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு; பென்னட் குடும்பத்தின் வருமானம் 2,000. இந்த வேறுபாட்டை ஆஸ்டின் எங்கும் மறைக்கவில்லை. மாளிகையைப் பார்த்ததும், இதற்கு எஜமானியாக இருந்திருக்கலாமே என்று எலிசபெத்துக்கு ஓர் எண்ணம் ஓடுவதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் காலவரிசையைக் கவனியுங்கள். கடிதத்தைப் படித்துத் தன் பிழையை உணர்வது வசந்தகாலத்தில். டார்பிஷயருக்குப் போய்ப் பெம்பர்லியைக் காண்பது கோடையில். பணத்தைக் கண்டு மயங்குபவளாக இருந்தால் ஹன்ஸ்ஃபோர்டிலேயே சம்மதித்திருப்பாள்.

பெம்பர்லியில் அவளை அசைப்பது வீட்டை மேற்பார்க்கும் ரெனால்ட்ஸ் அம்மையாரின் பேச்சு. டார்சியை அவருடைய நான்கு வயதிலிருந்து அறிவேன், ஒருநாளும் என்னிடம் கடுஞ்சொல் பேசியதில்லை என்கிறார் அவர். கடிதம் டார்சியே தனக்காகப் பேசியது. இதுவோ அவனிடம் சம்பளம் வாங்கும் ஒருவர், அவன் இல்லாதபோது, முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது. ஒருவனுடைய குணத்தை அவன் தனக்குச் சமமானவர்களிடம் நடந்துகொள்ளும் முறையைவிட, அவனுக்குக் கீழே உள்ளவர்களிடம் நடந்துகொள்ளும் முறை நன்றாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதை ஆஸ்டின் மிக நன்றாக அறிந்திருந்தார்.

டார்சியின் மாற்றமும் ஒரே நாளில் நிகழ்வதன்று. ‘இன்னும் சற்றுக் கண்ணியமாக நடந்திருந்தால்’ என்று ஹன்ஸ்ஃபோர்டில் அவள் சொன்ன ஒரு சொல் அவனைப் பல மாதம் வாட்டியிருக்கிறது. நல்ல கொள்கைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் அவற்றைச் செருக்கோடும் அகந்தையோடும் பின்பற்ற விட்டுவிட்டார்கள் என்று, தன் வளர்ப்பைப் பற்றி அவனே பின்னால் சொல்கிறான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பெற்றோரைப் பழிக்காமலும் தன்னை நியாயப்படுத்தாமலும் அவன் பேசும் விதம். எலிசபெத்தின் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போனபோது, தான் வெறுக்கும் அந்த மனிதனையே தேடிப்பிடித்து, கடன்களை அடைத்து, திருமணத்தை முடித்துவைத்து, அதை வெளியே சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறான். செருக்குள்ளவனால் உதவி செய்ய முடியும். அதை மறைக்க முடியாது.

கேள்வி: யாரைப் பற்றியும் குறை நினைக்காத ஜேனைப் போல இருந்துவிட்டால் இந்தச் சிக்கல்களே வராது அல்லவா?

பதில்: டார்சியைப் பற்றி ஜேன் நினைத்தது சரியாகப் போயிற்று, ஆனால் அன்பானவள் என்று அவள் நம்பிய பிங்லியின் தங்கை கேரலைன் அவளை ஏமாற்றினாள். எல்லோரும் நல்லவர் என்பதும் பார்க்கும் முன்பே எழுதிய தீர்ப்புதான். பிறரைப் புண்படுத்தாத தீர்ப்பு என்பதால் நமக்கு அது பிழையாகத் தோன்றுவதில்லை. என்றாலும் ஜேனிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு: இரு பக்கத்தையும் கேட்கும்வரை, தெரியவில்லை என்று சொல்ல அவள் கூசுவதில்லை.

கேள்வி: நாவலின் தலைப்பு எப்படி அமைந்தது?

பதில்: ஆஸ்டின் இதன் முதல் வடிவத்தை 1796 அக்டோபருக்கும் 1797 ஆகஸ்டுக்கும் இடையில், தம் இருபதுகளின் தொடக்கத்தில் எழுதினார். அப்போது வைத்த பெயர் ‘முதல் எண்ணங்கள்’ என்று பொருள்படும் ‘ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்’. அவருடைய தந்தை லண்டன் பதிப்பாளர் ஒருவருக்கு அதைப் பற்றி எழுதிக் கேட்டார். கையெழுத்துப் படியைப் பார்க்கக்கூட அவர் உடன்படவில்லை. பிறகு திருத்தப்பட்டு 1813 ஜனவரி 28 அன்று மூன்று பாகங்களாக வெளிவந்தது. இதற்கிடையில் அதே பெயரில் வேறொரு நாவல் வந்துவிட்டதால் தலைப்பு மாறியது. இப்போதைய தலைப்பிலுள்ள சொற்றொடர், ஃபேனி பர்னி 1782இல் எழுதிய ‘சிசிலியா’ நாவலின் இறுதியில் வருவது. பதிப்புரிமைக்காக ஆஸ்டின் பெற்ற தொகை 110 பவுண்டு. புத்தகத்தில் அவர் பெயர்கூட அச்சாகவில்லை.

பழைய தலைப்பும் பொருத்தமானதுதான், ஆனால் அது பிழை எங்கே தொடங்கியது என்பதை மட்டும் சொல்கிறது. புதியது அந்தப் பிழையைக் கலையவிடாமல் இத்தனை மாதம் காப்பாற்றியது எது என்பதையும் சொல்கிறது.

கேள்வி: முதல்முறை படித்தபோது நானும் டார்சியை வெறுத்தேன், விக்கமை நம்பினேன். என் வாசிப்பில்தான் குறையா?

பதில்: குறையே இல்லை, ஆசிரியர் உங்களை அங்கேதான் அழைத்துப்போக விரும்பினார். கதையைச் சொல்லும் குரல் பெரும்பாலும் எலிசபெத்தின் தோளருகிலேயே நடக்கிறது. அவள் காணாததை நாமும் காண்பதில்லை. மெரிட்டன் நடனத்தில் டார்சியின் வருமானத்தைக் கேள்விப்பட்ட ஊர், பாதி மாலைப்பொழுது அவனை வியந்து பார்க்கிறது. மீதிப் பாதியில், உலகத்திலேயே செருக்குமிக்கவன் என்று முடிவு கட்டுகிறது. ஒரே மாலையில் ஊர் எழுதிய இரண்டு தீர்ப்புகளில் இரண்டாவதை நாமும் வாங்கிக்கொண்டோம். இரண்டாம் முறை படிக்கும்போது அதே காட்சிகளில் டார்சியின் பார்வை யார்மேல் நிற்கிறது, விக்கம் எதைக் கேட்டறிந்த பிறகு பேசத் தொடங்குகிறான் என்பதெல்லாம் தெரியும். எலிசபெத் கடிதத்தை இரண்டாம் முறை படித்ததைப் போன்ற வாசிப்பு அது.

அப்படிப் படிக்கும்போது ஐம்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் சற்று நில்லுங்கள். டார்சியை மணக்கச் சம்மதித்துவிட்ட எலிசபெத்தைத் தந்தை தனியே அழைக்கிறார். அவளைப் பெரிதும் நேசிப்பவர். கலங்கிப்போய், அவனைத்தான் நீ எப்போதும் வெறுத்தாயே, அவன் செருக்குப் பிடித்தவன் என்பது எல்லோருக்கும் தெரியுமே என்கிறார். அவர் சொல்வதெல்லாம் ஒரு காலத்தில் அவளே அந்த வீட்டில் சொல்லிச் சொல்லிப் பரப்பியது. முன்பு இன்னும் அளவோடு பேசியிருக்கக்கூடாதா என்று அவள் மனத்துக்குள் ஏங்குகிறாள். கண்ணில் நீர் மல்க, அவனிடம் தகாத செருக்கு எதுவும் இல்லை, அவன் உண்மையில் எப்படிப்பட்டவன் என்பது உங்களுக்குத் தெரியாது என்று தந்தையிடம் மன்றாடுகிறாள்.